அத்தானின் ரீலும் ஒரு டம்ளர் தண்ணீரும்

மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில், காலைச் சாப்பாடு முடிந்ததும், பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் செய்தித்தாளை விரித்து, அதன் மேல் ஒரு பித்தளைத் தாம்பாளத்தை வைத்து, தாம்பாளத்தின் நடுவில் ஒரு தூண்டில் ரீலை வைத்து, எதிரே சம்மணமிட்டு உட்காருகிறேன். பக்கத்தில் பல் போன பல் துலக்கும் பிரஷ் ஒன்று, பழைய பனியன் துண்டு, சின்னத் திருப்புளி, தையல் மிஷின் எண்ணெய் பாட்டில், ஒரு டம்ளர் தண்ணீர். அந்த நேரத்தில் யாராவது வந்துவிட்டால் வீட்டில் ஏதோ பூஜை நடக்கிறதென்று வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுப் பவ்வியமாக நிற்கிறார்கள். நான் மந்திரம் எதுவும் சொல்வதில்லை. டம்ளரை எடுத்து முதலில் ஒரு வாய் குடிக்கிறேன். அதை நாக்கின் மேல் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்திருந்து விழுங்குகிறேன். அதன் பிறகுதான் மீதித் தண்ணீரை ரீலின் மேல் ஊற்றுகிறேன். என் மனைவி இதை முதலில் தாகம் என்று நினைத்தாள். பிறகு வயது என்று நினைத்தாள். இப்போது எதுவும் நினைப்பதில்லை என்று நினைக்கிறேன்.

எனக்கு மீன் பிடிக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் மீன் சமைப்பதும் கிடையாது. யாரோ முட்டை சுற்றிய பேப்பரைக்கூட வாசலுக்கு வெளியே போட்டுவிட்டுக் கை கழுவிய சைவக் குடும்பம். ரீல் என் அத்தானுடையது. அத்தான் என்றால் அக்காவின் வீட்டுக்காரர். ஸ்ரீவைகுண்டத்தில் குடியிருந்தார். நீர்ப்பாசன அலுவலகம் ஒன்றில் வரைபடம் வரைகிறவராக வேலை பார்த்தார். மதகு, வாய்க்கால், கரை என்று ஆற்றின் உறுப்புகளையெல்லாம் முப்பது வருஷம் காகிதத்தில் வரைந்தவர். அவரும் சைவம்தான், என்னைவிடக் கடும் சைவம். நானாவது வெளியூரில் கேக் சாப்பிட்டிருக்கிறேன்.

அவருடைய தம்பி மலேசியாவிலிருந்து வந்தபோது ஆளுக்கொரு சாமான் கொண்டுவந்தார். அத்தானுக்கு வந்த பெட்டியைப் பிரித்தால் கைப்பிடியும் உருளையும் வளைந்த கம்பியுமாக ஒரு சாமான். அக்கா அதைத் தன் தையல் மிஷினோடு சேர்ந்தது என்று முடிவு செய்து, நூல் சுற்ற மிஷினில் எந்த இடத்தில் மாட்டுவது என்று அரை மணி நேரம் தேடியிருக்கிறாள். மீன் பிடிக்கிற சாமான் என்று தெரிந்ததும் இரண்டு விரலால் தூக்கிக் கொண்டுபோய்ப் பின்வாசலில் வைத்தாளாம். தம்பியார், அண்ணன் ஆற்றங்கரையில் வேலை பார்க்கிறார் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு அதை வாங்கியிருக்கிறார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. எனக்குக்கூடப் பலர், நூலகர்தானே என்று, தாங்கள் எழுதிய கவிதைப் புத்தகங்களைத் தந்திருக்கிறார்கள்.

அத்தான் அந்தப் பரிசை வீணாக்கவில்லை. தூண்டில் கம்பு ஒன்று வாங்கினார். முள்ளின் நுனியில் மீன் வாயைப் பிடித்துக்கொள்கிற எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கி மழுக்கினார். ஞாயிறு காலையில் தாமிரபரணி அணைக்கு மேலே, வாழைத் தோட்டம் ஆற்றைத் தொடுகிற இடத்தில் ஒரு மருத மரத்தடியில் போய் உட்கார்ந்துவிடுவார். கெண்டையோ கெளுத்தியோ மாட்டினால் கையை நனைத்துக்கொண்டு பிடித்து, முள்ளை எடுத்து, ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தண்ணீரில் விடுவார். ஊரே சிரித்தது. ஆற்றுப் பாலத்துக்கு அருகில் டீக்கடை வைத்திருந்தவர் அவரைப் பார்க்கும்போதெல்லாம், “அண்ணாச்சி, இன்னைக்கு எத்தனை பேரைப் பாத்துப் பேசிட்டு வந்திய?” என்று கேட்பார். “மூணு பேருவே. ஒருத்தன் போன வாரம் வந்தவன்தான்” என்பார் அத்தான், முகம் மாறாமல்.

அக்கா சட்டம் போட்டிருந்தாள். கம்பு மாட்டுத் தொழுவத்தை விட்டு உள்ளே வரக்கூடாது. ரீல் துவைகல்லைத் தாண்டக்கூடாது. ரீலைத் தொட்டால் குளிக்காமல் அடுப்பங்கரைக்குள் கால் வைக்கக்கூடாது. அத்தான் மூன்றுக்கும் கட்டுப்பட்டார். மாதம் இரண்டு தடவை துவைகல்லில் உட்கார்ந்து ரீலைத் துடைப்பார். அவர் ஆற்றில் மீன் பிடித்ததைவிட அங்கே உட்கார்ந்து ரீலைப் பார்த்ததுதான் அதிகம் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. முதலில் உச்சியில் இருக்கும் திருகை இறுக்கிக்கொள்வார், உள்ளே தண்ணீர் போகாமல். மேலாகத் தண்ணீர் விடுவார். பீய்ச்சி அடிக்கக்கூடாது, தூறல் மாதிரி விழவேண்டும். பிறகு நிழலில் காயவைப்பார். கைப்பிடியைக் கழற்றுவார், தூண்டில் நரம்பு ஓடுகிற சின்ன உருளையைக் காதோரம் வைத்துச் சுழற்றிப் பார்ப்பார். சுற்றுகிற இடங்களுக்கெல்லாம் ஒவ்வொரு சொட்டு எண்ணெய். கடைசியில் அந்த உச்சித் திருகைத் தளர்த்தி வைப்பார். “வேலை முடிஞ்சா தளத்திரணும். இறுக்கியே வச்சா உள்ள இருக்கது அப்படியே அமுங்கிப் போவும்” என்பார். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. ரீலிடம்தான் சொன்னார். நான் பக்கத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன்.

எண்ணெய் அக்காவுடையது. தையல் மிஷினுக்கு வாங்கி வைத்திருக்கும் சின்ன பாட்டிலிலிருந்து அத்தான் எடுப்பதும் அக்கா கண்டுபிடிப்பதும் அந்த வீட்டின் நிரந்தர வழக்கு. அக்கா பாட்டில் லேபிளின் மேல் பேனாவால் கோடு போட்டு வைக்க ஆரம்பித்தாள். தைத்து முடித்ததும் எண்ணெய் நிற்கும் அளவில் ஒரு கோடு. அடுத்த முறை எடுக்கும்போது எண்ணெய் கோட்டுக்குக் கீழே இருந்தால் விசாரணை. “மிஷின் தானாக் குடிச்சிருக்கும்” என்பார் அத்தான். அந்த லேபிளில் அப்போதே இருபது கோடுகளுக்கு மேல் இருந்தன. அவர்கள் கல்யாணத்துக்கு அதைவிட நம்பகமான சாட்சி வேறு கிடையாது.

இனி என் பங்கு.

ஒரு தைப்பொங்கல் விடுமுறையில், எங்கள் கல்லூரியில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் கூடங்குளத்தைத் தாண்டிக் கடலோர ஊர் ஒன்றில் கட்டிய புதுவீட்டுக்குப் பால் காய்ச்சினார். போகும்போது கடற்கரையில் தூண்டிலும் கையுமாக நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளவேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. ஐம்பது நெருங்குகிற ஆண்களுக்கு வருகிற பல வியாதிகளில் இது ஒன்று. அத்தானிடம் கேட்டேன். அவர் யோசித்தார். அவர் யோசித்ததை நான் அப்போது கவனிக்கவில்லை, இப்போது நன்றாகவே தெரிகிறது. பிறகு கம்பையும் ரீலையும் எடுத்துத் தந்தார்.

“கடலுக்குக் கொண்டு போறீரு. வந்ததும் நல்ல தண்ணியில கழுவிரும்வே. உப்பு உள்ள போச்சுன்னா தின்னுரும்” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

கடலில் நான் பிடித்தது என் சட்டைக் காலரை மட்டும். இரண்டாவது வீச்சில் ரீல் மணலில் விழுந்தது, அதன் மேல் ஓர் அலையும் வந்து போயிற்று. படம் நன்றாக வந்தது. நண்பர் வீட்டுக்கு வந்ததும், சொன்ன சொல் மறவாத மைத்துனனாக, பின்வாசல் குழாயடியில் உட்கார்ந்து ரீலைக் கழுவினேன். ஏனோதானோ என்று கழுவவில்லை. அரை மணி நேரம் கழுவினேன். மூடியைத் திறந்து, கைப்பிடியைக் கழற்றி, குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டு, மூலை முடுக்கெல்லாம் தண்ணீர் போகும்படி கழுவினேன். பிறகு துடைத்து எண்ணெயும் போட்டேன். திருப்தியோடு கூடத்தில் வந்து உட்கார்ந்ததும் காப்பி வந்தது.

அந்தக் காப்பியைப் பற்றிச் சொல்லவேண்டும். விருந்தாட்கள் அதிகமாகிக் குடிதண்ணீர்க் குடம் காலியாகிவிட்டதாம். யாரோ ஓர் உறவுக்காரப் பெண், அவசரத்துக்குப் பின்வாசல் குழாயில் பிடித்துக் காப்பி போட்டுவிட்டாள். அது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். ஒரே உப்பு. புதுவீட்டில், முதல் நாள், எப்படிச் சொல்வது? இருபது பேர் உட்கார்ந்து வாய் பேசாமல் குடித்தோம். எங்கள் கல்லூரி முதல்வர் கண்ணை மூடிக்கொண்டார். தமிழ்ப் பேராசிரியர் “பலே” என்றார். வீட்டுக்காரர் தானும் ஒரு வாய் குடித்துவிட்டு எங்கள் முகங்களை வரிசையாகப் பார்த்தார். பிறகு மீதியையும் குடித்தார்.

மறுநாள் ஸ்ரீவைகுண்டம் போய் ரீலைத் திருப்பிக் கொடுத்தேன். “நல்லாக் கழுவிட்டேன் அத்தான், எண்ணெயும் போட்டாச்சு” என்றேன். பிறகு உட்கார்ந்து உப்புக் காப்பிக் கதையைச் சொன்னேன். நான் தீபாவளி மலர்களில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன். வாசித்துச் சிரித்தவர்கள் யாரையும் இதுவரை நேரில் பார்த்ததில்லை. ஆனால் அன்றைக்கு அத்தான் சிரித்தார். அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முதல்வர் கண்ணை மூடியதை இரண்டாம் தடவை நடித்துக் காட்டச் சொன்னார்கள். கழுவியதும் காப்பியும் ஒரே நாளில், ஒரே குழாயில், ஒரே தண்ணீரில். இரண்டையும் ஒரே வாய் ஒரே மூச்சில் சொன்னது. சொன்ன எனக்கும் உறைக்கவில்லை, கேட்ட அவருக்கும் உறைக்கவில்லை. தாமிரபரணியைக் குடித்து வளர்ந்தவர்களுக்குக் குழாயில் வருவது நல்ல தண்ணீர். உப்பு என்பது கடலில் இருப்பது, அல்லது அடுப்பங்கரை ஜாடியில் இருப்பது. அது குழாய் வழியாக வரும் என்கிற அறிவு எங்களுக்கு இல்லை.

அதற்குப் பிறகு நான் அந்தக் கதையை எத்தனையோ கல்யாண வீடுகளில் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் மெருகேறியது. ரீல் அந்த நேரமெல்லாம் பெட்டிக்குள் இருந்தது.

வழக்கமாக மாதம் இரண்டு தடவை பெட்டியைத் திறக்கிறவர் அந்தத் தையிலிருந்து திறக்கவில்லை. முதலில் அதைக் கண்டுபிடித்தது அக்காதான். பங்குனியில் ஒருநாள் எனக்குப் போன் செய்தாள். “ஏல, பொங்கல்லேருந்து பாட்டில்ல எண்ணெய் குறையவே இல்ல. போட்ட கோட்டுலயே நிக்கி. அவியளுக்கு என்னமோ சரியில்ல” என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கேட்டால் அலுப்பாக இருக்கிறது என்கிறாராம், ஞாயிற்றுக்கிழமை ஆற்றுக்குப் போகாமல் படுத்துக்கொள்கிறாராம். கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தோம். வயிற்றில் கட்டி. டாக்டர்கள் கண்டுபிடிப்பதற்கு முன்பே எண்ணெய் பாட்டில் கண்டுபிடித்துவிட்டது. இரண்டுமே தாமதம்தான்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றினார்கள். ஏற்றிய முதல் வாரம் படுக்கையும் வாந்தியும். அதன் பிறகு பத்துப் பதினொரு நாள் மனிதராக நடமாடுவார். அதற்குள் அடுத்த முறை வந்துவிடும். மூன்றாவது முறை முடிந்து அந்த நல்ல நாட்கள் தொடங்கியபோது ஆனி பிறந்திருந்தது. கார் நெல் பருவத்துக்கு மலையடிவாரத்து அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். புதுத் தண்ணீர் ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் வந்துவிட்டதென்று யாரோ சொல்லக் கேட்டு, அத்தான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

“ஒரு தடவ போயிட்டு வந்துருதேன்” என்றார் அக்காவிடம். “ஒரு காலை. அந்த மரத்தடி வரைக்கும்.”

டாக்டரிடம் கேட்டோம். இந்தச் சில நாட்களுக்குள் என்றால் போகலாம், அடுத்த முறைக்குப் பிறகு நடப்பாரா என்று சொல்ல முடியாது என்றார். அத்தான் ரீலை எடுத்துவரச் சொன்னார். நான் துவைகல்லுக்குக் கொண்டுபோகப் பெட்டியைத் தூக்கினேன். அக்கா தடுத்தாள். “அங்கன எதுக்கு, வெயிலுல? இங்கன கட்டில்லயே வை” என்றாள். வெறும் கட்டிலில் வைத்தால் கறை படும் என்று உள்ளே போய், தன் கல்யாணத்துக்கு வந்த பித்தளைத் தாம்பாளத்தை எடுத்துவந்தாள். எண்ணெய் பாட்டிலையும் தானே கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். அவ்வளவு நாள் எனக்கு உண்மையான பயம் வரவில்லை. அந்தத் தாம்பாளத்தைப் பார்த்ததும் வந்தது.

கைப்பிடி சுற்றவில்லை. அத்தான் இடதுகையால் ரீலைப் பிடித்து வலதுகையால் அழுத்திப் பார்த்தார். பிறகு பக்க மூடியின் திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார், ஒன்று உடைந்து வந்தது. உள்ளே வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துக் கிடந்தது. அவர் ஆள்காட்டி விரலால் அதைத் தொட்டு நாக்கில் வைத்தார்.

“என்னத்த வாயில வைக்கிய?” என்றாள் அக்கா.

அவர் கண்ணை மூடியிருந்தார். பிறகு என்னைப் பார்த்து, “மாப்ளே, உம்ம காப்பி” என்றார்.

அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் எனக்கு. ‘காப்பி’ என்றதும் பழக்கதோஷத்தில் சிரித்துவிட்டேன். சிரிப்பு பாதி வழியில் இருக்கும்போதுதான் புரிந்தது. இத்தனை வருஷம் நகைச்சுவை எழுதியதற்கு எனக்குக் கிடைத்த கூலி அந்தப் பாதிச் சிரிப்புத்தான் என்று தோன்றுகிறது. அதை அவர் பார்த்தார்.

“கழுவினேன் அத்தான்” என்றேன்.

“தெரியும்வே. நல்லாத்தான் கழுவிருக்கீரு. ஒரு மூலை விடாமப் போயிருக்கு” என்றார்.

அக்கா இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து என்ன ஆயிற்று என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்கு முன் அத்தான், “ஒண்ணுமில்ல. நான் துடைக்காம வச்சிட்டேன். உள்ள இறுகிப் பிடிச்சிக்கிட்டுது” என்றார். நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன். அதை மூடிக்கொண்டதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அவர் உடம்புக்குள் ஒன்று பூத்துக்கொண்டிருந்த அதே மாதங்களில் ரீலுக்குள்ளும் ஒன்று பூத்துக்கொண்டிருந்தது என்று இந்த இடத்தில் ஓர் உவமை எழுத எனக்குத் தெரியும். எழுதப்போவதில்லை. ஒன்று யாருடைய குற்றமும் இல்லை. இன்னொன்று என்னுடையது.

பதினொரு நாள். நான் லீவு போட்டுவிட்டுத் தினமும் காலை பஸ்ஸில் ஸ்ரீவைகுண்டம் போனேன். மண்ணெண்ணெயில் ஊறவைத்தோம். பிரஷ்ஷால் தேய்த்தோம். ‘தேய்த்தோம்’ என்று எழுதுவதற்கு எனக்குத் தகுதியில்லை. நான் தேய்த்தால் தெறித்தது, அவர் தேய்த்தால் உதிர்ந்தது. கை நடுங்கும்போது ரீலைத் தாம்பாளத்தில் வைத்துவிட்டு இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொள்வார். நடுக்கம் நின்றதும் எடுப்பார். ஒரு நாளைக்கு இரண்டு உறுப்பு கழன்று வந்தால் அதிகம். உள்ளே பேரிங் என்கிற சின்னக் குண்டு வளையம் ஒன்று தண்டோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. அதோடு மட்டும் நான்கு நாள் போயிற்று.

மூன்றாம் நாள் நான் திருநெல்வேலியில் விசாரித்து ஒரு புது ரீல் வாங்கிக்கொண்டு போனேன். பளபளவென்று இருந்தது. அத்தான் கையில் வாங்கிச் சுற்றிப் பார்த்தார். “நல்ல சாமான்தான்” என்றார். இன்னொரு தடவை சுற்றினார். “கையோட பழக ஒரு வருசம் ஆகும்வே” என்றார். அதை அதன் பெட்டியிலேயே வைத்து என் பக்கம் தள்ளினார்.

ஆறாம் நாள் நான் சொன்னேன், “ரீல் கிடக்கட்டும் அத்தான். சும்மா போய் அந்த மரத்தடியில உக்காந்துட்டு வருவோம்.” அவர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். “சும்மா போய் ஆத்தங்கரையில உக்காந்தா சீக்காளி. தூண்டிலோட உக்காந்தா மீனு பிடிக்க வந்தவன். பாக்குதவனுக்கு வித்தியாசம் தெரியும்லா?” என்றார். நான் வற்புறுத்தியிருக்கவேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் வற்புறுத்துகிற உரிமையை ஒரு பின்வாசல் குழாயடியில் தொலைத்துவிட்டு வந்திருந்தேன். அன்று மத்தியானம் அவர் என்னோடு அதிகம் பேசவில்லை. கழற்றியதைத் திரும்ப மாட்ட வழி தெரியவேண்டும் என்று, தலையணையில் சாய்ந்தபடி, அலுவலகத்துத் தாள் ஒன்றில் ரீலின் உறுப்புகளை வரைந்துகொண்டிருந்தார். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல்தான் வரைகிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

பதினொன்றாம் நாள் பிற்பகல் ரீல் சுற்றியது. முதலில் கரகரவென்று, பிறகு மெதுவாக, பிறகு அந்தப் பழைய சத்தம். பஞ்சுக்குள் கடிகாரம் ஓடுகிற மாதிரி. அக்கா அடுப்பங்கரையிலிருந்து மாவுக் கையோடு வந்து நின்றாள். “சுத்துதா?” என்றாள். “சுத்துது” என்றார். நிறுத்தாமல் சுற்றிக்கொண்டே இருந்தார். அவர் முகத்தில் அந்தப் பதினொரு நாளும் இல்லாத வியர்வை. வேலை முடிந்த வியர்வை என்று நினைத்தேன். “நாளைக்குக் காலையில போவோம் அத்தான். ஆறு மணிக்குக் காரோட வந்துருதேன்” என்றேன். அவர் உச்சித் திருகைத் தளர்த்தி ரீலைத் தாம்பாளத்தில் வைத்தார். “பைய வாரும். மீனு எங்க போவப் போவுது” என்றார்.

ஆறு மணிக்குக் காரோடு போனேன். அது காய்ச்சல் வியர்வை. அவரைப் பின்சீட்டில், அக்கா மடியில் தலை வைத்துப் படுக்கவைத்துப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். ரீல் தாம்பாளத்திலேயே இருந்தது. ஆற்றுப் பாலத்தில் ஏறியதும் சக்கரத்தின் சத்தம் மாறியதில் அவருக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து பார்க்க முடியவில்லை.

“தண்ணி எப்படிப் போவுது?” என்றார்.

“அணைக்கு மேல வழிஞ்சு போவுது அத்தான்.”

“நெறம்?”

“செம்மண்ணு. கலங்கல்.”

“அப்ப கெளுத்தி ஏறும்” என்றார்.

டிரைவரிடம் பைய ஓட்டச் சொன்னேன். எவ்வளவு பைய ஓட்டினாலும் பாலம் முடிந்துவிட்டது. அத்தான் வீட்டுக்குத் திரும்பவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான் கிளம்பும்போது, அக்கா தாம்பாளத்தை அப்படியே என் கையில் தந்தாள். ரீல், பிரஷ், எண்ணெய் பாட்டில், சுருட்டி நூல் கட்டிய தாள். “மாசத்துக்கு ரெண்டு தடவ பாக்கணுமாம். நீ பாத்துக்கோ. எண்ணெயையும் கொண்டு போ, நான் மிஷின்ல உக்காந்தே நாளாச்சு” என்றாள். லேபிளில் கடைசிக் கோடு பங்குனியில் போட்டது. அதன் பிறகு அவள் கோடு போடவில்லை.

வீட்டுக்கு வந்துதான் தாளைப் பிரித்தேன். மதகு வரைபடம் மாதிரி, ரீலின் இருபத்துமூன்று உறுப்புகளும் எண்ணிட்டு, எது எதற்குள் போகும் என்று அம்புக்குறியோடு, அளவு பிசகாமல் வரையப்பட்டிருந்தன. ஆறாம் நாள், கையைத் தொடைக்கடியில் வைத்து வைத்து எடுத்து வரைந்தது. கோடு ஒன்றுகூட நடுங்கவில்லை. பக்கத்தில் கழுவும் முறை வரிசையாக. அவர் அலுவலகத்து வரைபடங்களில் எல்லாம் அடியில் ‘குறிப்பு’ என்று ஒன்று இருக்கும். இதிலும் இருந்தது.

‘குறிப்பு: தண்ணீரை முதலில் குடித்துப் பார்க்கவும். பிறகு ஊற்றவும்.’

நான் எழுதிய எந்தப் பக்கத்திலும் அப்படி ஒரு வரி கிடையாது. என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் இருக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த மத்தியானத்தில், அவர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு எனக்காக இதை எழுதியிருக்கிறார். இது என்றைக்காவது என் கைக்குத்தான் வரும் என்று தெரிந்து எழுதியிருக்கிறார். அன்றைக்குச் சிரித்தேனா என்ன செய்தேன் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. மனைவி ஓடிவந்து கதவை மூடியது நினைவிருக்கிறது.

இன்றைக்கும் கல்யாண வீடுகளில் யாராவது, “அந்த உப்புக் காப்பிக் கதைய எடுத்துவிடும்வே” என்கிறார்கள். மறந்துவிட்டது என்கிறேன். வயசாகிவிட்டது என்கிறார்கள். இருக்கட்டும்.

மூடிக்கொண்ட வாயைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். மூன்று வருஷம் மூடியிருந்தது. சொல்லாததற்குக் காரணங்கள் வைத்திருந்தேன், எல்லாம் நன்றாக எழுதப்பட்ட காரணங்கள். அத்தானே மறைத்ததை நான் ஏன் திறக்கவேண்டும் என்பது அதில் முதலாவது. போன மாதம் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து நான்கு நாள் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து நான் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்து, நாக்கில் நிறுத்தி, விழுங்கினேன்.

“அது என்னல, தீர்த்தம் மாதிரி?” என்றாள்.

சொன்னேன். அலை, குழாயடி, அரை மணி நேரம், காப்பி, எல்லாவற்றையும். முதல்வர் கண்ணை மூடியதைச் சொல்லாமல் விட்டேன். வரைபடத்தை விரித்துக் குறிப்பையும் காட்டினேன். அவள் அதைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்து வாசித்தாள்.

தாளைப் பழையபடி சுருட்டி நூலைக் கட்டினாள். பிறகு, “மூணு வருசமா அவிய மேல கோவமா இருந்தேன்ல” என்றாள். “நல்லா இருந்த பதினோரு நாளயும் அது மேல போட்டாவளே, தான் துடைக்காம வச்சதுக்குத் தானே உக்காந்து அழுதுட்டு, ஆத்தைப் பாக்காமலே போயிட்டாவளேன்னு. ஒரு தடவ துடைச்சு வச்சா என்ன கேடுன்னு படத்துக்கு முன்னால நின்னு ஏசிருக்கேன். தெனமும் ஏசிருக்கேன்.”

நான் திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு வசதியாகப் போயிருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கலாம். நாற்காலியிலிருந்து இறங்கி, முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக, செய்தித்தாளின் ஓரத்தில் என் எதிரே உட்கார்ந்தாள். தொட்டால் குளிக்கவேண்டும் என்று சட்டம் போட்டிருந்த ரீலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றிக் காதோரம் பிடித்துக் கேட்டாள். பிறகு கையை நீட்டினாள். டம்ளரைக் கொடுத்தேன். நான் எச்சில் வைத்த டம்ளர், அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. ஒரு வாய் குடித்து, நாக்கில் நிறுத்தி, விழுங்கினாள்.

“நல்ல தண்ணிதான்” என்றாள். “ஊத்து.”